கூட்டாளி வீட்டு மணியில் யாருடைய பெயர்?
வாசகர் கேள்வி – பதில்: இத்தாலியில் பழைய சினேகிதர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து இத்தாலிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்களைப் பார்க்கப் போகிற வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தை இரண்டு பேர் கேட்ட இடத்தில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டதால் ஊர் மட்டும்.

*

கேள்வி: பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த சினேகிதி கன காலமாகப் பலெர்மோவில் இருக்கிறா. 'விசாவுக்கு இதைக் குடு' என்று கையால் ஒரு கடிதம் எழுதி, படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறா. 21 நாள் நிற்க விருப்பம். இந்தக் கடிதம் காணுமா? பென்சன் மட்டும்தான் வருமானம், எவ்வளவு காசு காட்ட வேணும்?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, கல்லடி

பதில்: காணாது. அன்பு நிறைந்த கடிதமாக இருக்கலாம், விசா அதிகாரிக்கு வேண்டியது இத்தாலிய வெளிநாட்டமைச்சின் அழைப்புப் படிவம். 'லெத்தெரா தி இன்வீத்தோ' என்பார்கள். உங்கள் சினேகிதி தன் பெயர், பிறந்த திகதி, வதிவிட முகவரி, உங்கள் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை, இருவருக்கும் என்ன பழக்கம் என்பதையெல்லாம் அதில் நிரப்பிக் கையொப்பமிட வேண்டும். தன் அடையாள அட்டை, வதிவிட அனுமதி இரண்டின் பிரதியையும் இணைக்க வேண்டும். வீடு வாடகை என்றால் ஒப்பந்தப் பிரதியும் இருப்பது நல்லது. படிவத்தில் உங்கள் பெயர் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலில் அப்படியே இருக்க வேண்டும். சினேகிதி உங்களைக் கன்னிப் பெயரில்தான் அறிவா, அந்தப் பெயரையே எழுதிவிடுவா. பிழைகள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன.

அதே படிவத்தில் அவ இன்னொரு பொறுப்பையும் ஏற்கிறா: நீங்கள் வந்து இறங்கிய 48 மணித்தியாலத்துக்குள் 'இன்னார் என் வீட்டில் தங்கியிருக்கிறார்' என்று பொலிசுக்கு எழுத்தில் அறிவிப்பது. 1998ஆம் ஆண்டின் 286ஆம் இலக்கக் குடிவரவுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு இது. கெஸ்தூரா எனப்படும் மாவட்டப் பொலிஸ் தலைமையகத்திலோ, பகுதிப் பொலிஸ் நிலையத்திலோ, பொலிஸ் நிலையம் இல்லாத சிறிய ஊரென்றால் மாநகர சபையிலோ படிவம் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் தண்டம் 160 முதல் 1,100 யூரோ வரை. தண்டம் உங்களுக்கில்லை, அவவுக்கு. அதனால் நீங்களே ஞாபகப்படுத்துங்கள்.

காசுக் கணக்குக்கு வருவோம். இத்தாலிய உள்நாட்டமைச்சு 2000 மார்ச் 1ஆம் திகதி வெளியிட்ட அட்டவணைதான் அளவுகோல். 20 நாளுக்கு மேல் தனியாக நிற்பவருக்கு நிலையான தொகை 206.58 யூரோ, அதற்கு மேல் நாளொன்றுக்கு 27.89 யூரோ. 21 நாளுக்குக் கூட்டினால் 792.27 யூரோ. கணவருடன் போனால் ஆளுக்கு 118.79 யூரோவும் நாளுக்கு 17.04 யூரோவும், அதாவது ஆளுக்கு 476.63. 11 முதல் 20 நாள்வரை என்றால் தனியாள் 51.64 யூரோவும் நாளுக்கு 36.67 யூரோவும் காட்ட வேண்டும். இவை ஆகக் குறைந்த தொகைகள். விமானச்சீட்டும் காப்புறுதியும் இதில் சேராது. விளிம்பில் நிற்காமல் ஒன்றரை மடங்காவது கணக்கில் இருக்கட்டும்.

பென்சன் பலவீனமல்ல. மாதாமாதம் ஒரே திகதியில் ஒரே தொகை விழும் வங்கிக் கூற்றை அதிகாரிகள் நம்புவார்கள். பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் கடிதம் எடுங்கள். தமிழில் உள்ள பிறப்பு, விவாகப் பத்திரங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் செய்வித்துக் கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் பயண நோக்கம் கேட்கும் இடத்தில் 'குடும்பத்தினரை அல்லது நண்பர்களைச் சந்தித்தல்' என்ற கட்டத்தைக் குறியுங்கள். சுற்றுலாவைக் குறித்துவிட்டு அழைப்புக் கடிதம் இணைத்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்கும்.

மற்றவை: கடவுச்சீட்டு கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், நீங்கள் திரும்பும் நாளுக்குப் பிறகு குறைந்தது 3 மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) முழுவதற்கும், நிற்கும் எல்லா நாளுக்கும். கட்டணம் 2024 ஜூன் 11 முதல் 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 45, ஆறு வயதுக்குக் கீழே இலவசம். விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் வேறு. மறுத்தாலும் காசு திரும்பாது. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். முடிவுக்கு வழமையாக 15 நாள், சந்தேகம் வந்தால் 45 நாள்வரை இழுக்கும். விரலடையாளம் கொடுக்கக் கொழும்புக்கு நீங்களே போக வேண்டும். இரவு பஸ்ஸில் ஏறிக் காலை நேர முன்பதிவுக்குப் போய்ச் சேரலாம் என்று கணக்குப் போடாதீர்கள், முதல் நாளே போய்த் தங்குங்கள்.

*

கேள்வி: நான் வயல்காரன். வெள்ளாமை வெட்டி வித்த காசு மொத்தமாகத்தான் வங்கிக்குப் போகும். அது சந்தேகத்தைக் கிளப்பும் எண்டு ஒருத்தர் சொல்றார். உண்மையா?
— அக்கரைப்பற்று

பதில்: உண்மைதான், ஆனால் சரிசெய்யக்கூடியது. விண்ணப்பத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் எங்கிருந்தோ வந்து விழும் பெரிய தொகை 'கடன் வாங்கிக் காட்டிய காசு' போலத் தெரியும். பெரும்போக அறுவடைக் காசு என்பதற்கு ஆதாரம் வைத்தால் அந்தத் தோற்றம் போய்விடும்: நெல் சந்தைப்படுத்தும் சபைக்கோ ஆலைக்கோ விற்ற பற்றுச்சீட்டு, காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், கமநல சேவை நிலையத்தின் கடிதம். ஒரு வருடத்துக்கான வங்கிக் கூற்று எடுத்தால் இரண்டு போகமும் அதில் தெரியும். கேட்பது மூன்று அல்லது ஆறு மாதமாக இருந்தாலும் வயல்காரருக்கு ஒரு வருடக் கூற்றே சாட்சி. ஒரு பக்கத்தில் விளக்கக் கடிதமும் வையுங்கள்: எத்தனை ஏக்கர், எந்தப் போகம், எப்போது திரும்பி விதைக்க வேண்டும். விதைப்புக்குத் திரும்ப வேண்டியவன் என்பதை விட நல்ல 'திரும்பி வருவேன்' ஆதாரம் கிடையாது.

*

கேள்வி: என்னுடைய சினேகிதி ரோமில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டிலேயே இருக்கிறா. அவவோடு தங்கலாமா? ஆகஸ்ட் லீவில் போகலாம் என்று இருக்கிறோம்.
— களுவாஞ்சிகுடி

பதில்: டிக்கட் எடுக்க முன் கேட்டது நல்லதாய்ப் போயிற்று. இரண்டு காரணத்துக்காக.

முதலாவது, அது அவவுடைய வீடல்ல. வேலை கொடுத்தவர் சம்மதிக்காமல் அங்கே உங்களைத் தங்கவைக்க முடியாது. அழைப்புப் படிவத்திலும் 48 மணித்தியால அறிவிப்பிலும் வீட்டுக்கு உரியவர்தான் கையொப்பமிட வேண்டி வரும். பெரும்பாலான குடும்பங்கள் விரும்பாது, கேட்கவே உங்கள் சினேகிதி கூச்சப்படுவா. 'வா வா' என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு, பிறகு எப்படிச் சமாளிப்பது என்று தெரியாமல் தவிப்பது பெரும்பாலும் இந்த நிலையில் உள்ளவர்கள்தான். பக்கத்தில் ஒரு சிறிய அறை அல்லது துறவியர் மடத்து விடுதி பார்த்து, விசாவுக்கு அந்த முன்பதிவைக் காட்டுங்கள். விடுதியில் தங்கினால் பொலிஸ் அறிவிப்பை விடுதிக்காரரே செய்துவிடுவார். நகர சபையின் தங்கல் வரி மட்டும் பெரும்பாலும் அறை வாடகைக்குப் புறம்பாக, ஆளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று அறவிடப்படும்.

இரண்டாவது, ஓய்வு நேரம். வீட்டோடு தங்கி வேலை செய்பவருக்கு இத்தாலிய வேலை ஒப்பந்தப்படி கிழமைக்கு 36 மணித்தியால ஓய்வு. ஞாயிறு 24, இன்னொரு நாளில் 12. அந்த இன்னொரு நாள் பழக்கத்தில் வியாழன் பின்னேரம். ஆகவே நீங்கள் இரண்டு கிழமை ரோமில் நின்றாலும் சினேகிதியோடு ஆறுதலாக இருக்கக் கிடைப்பது இரண்டு ஞாயிறும் இரண்டு வியாழன் பின்னேரமும்தான். சனிக்கிழமை இறங்கி அடுத்த கிழமைத் திங்கட்கிழமை புறப்படுவது போல் திகதி போட்டால், ஒன்பது இரவுக்குள் இரண்டு ஞாயிறு கிடைக்கும்.

ஆகஸ்டைப் பற்றி: அந்த மாதம் பல இத்தாலியக் குடும்பங்கள் கடற்கரைக்கோ மலைக்கோ போய்விடும், வயதானவரையும் கூட்டிக்கொண்டு. கவனிப்பாளரும் கூடப் போக வேண்டும். நீங்கள் ரோமில் இறங்கும்போது சினேகிதி வேறு ஊரில் நிற்கக்கூடும். ஆகஸ்ட் 15 'ஃபெர்ராகோஸ்தோ' விடுமுறையை ஒட்டிப் பல கடைகளும் பூட்டியிருக்கும். அவவுக்கு வருடத்துக்கு 26 வேலைநாள் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. அதை எப்போது தருவார்கள் என்று கேட்டு, உங்கள் திகதியை அதற்குப் பொருத்துங்கள். அவவின் லீவை உங்கள் டிக்கட்டுக்குப் பொருத்த முயலாதீர்கள்.

*

கேள்வி: தயிர், கருவாடு, கறிவேப்பிலை, கஜு, தேன். இவற்றில் எதைக் கொண்டுபோகலாம்?
— ஆரையம்பதி

பதில்: மட்டக்களப்புத் தயிர் இல்லாமல் கூட்டாளி வீட்டுக்குப் போவதா என்று மனம் கேட்காது, ஆனால் எருமைத் தயிர் முட்டியை இறங்கும் இடத்திலேயே பறித்துவிடுவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணிகள் இறைச்சியோ பால் பொருளோ கொண்டுவர முடியாது. நெய்யும் இதற்குள் அடக்கம். மாடுகளின் கால்–வாய் நோய் போன்றவை உணவோடு நுழைந்துவிடும் என்ற பயமே காரணம். ஆகவே சமைத்தது, சுண்டக் காய்ச்சியது என்று வாதாடிப் பயனில்லை.

கருவாடும் மாசியும் கொண்டுபோகலாம். மீன் பொருள்கள் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 20 கிலோவரை. அனுமதி இருப்பதால் மட்டும் பிரச்சினை தீராது, மணம் இருக்கிறதே. நன்றாக வெயிலில் காய்ந்ததாகப் பார்த்து, இரண்டு முறை காற்றுப் புகாத பையில் அடைத்து, அதை மூடி இறுகும் டப்பாவுக்குள் வையுங்கள். அரைக்காய்ச்சல் கருவாடு வழியில் வியர்த்துப் பெட்டியில் உள்ள சாறியையும் சேர்த்துக் கெடுக்கும். தேன் 2 கிலோவரை. அதை அனுப்பும் பெட்டியில் போடுங்கள். கையில் கொண்டுபோனால் தேனும் திரவம்தான், 100 மில்லிலீற்றர் விதிக்குள் மாட்டும்.

கறிவேப்பிலைதான் பலர் இடறும் இடம். பச்சை இலை, காய், பழம் எதற்கும் தாவர சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். விலக்கு ஐந்து பழங்களுக்கு மட்டும்: அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், துரியன், பேரீச்சை. மாம்பழமும் வெற்றிலையும் அந்தப் பட்டியலில் இல்லை. கறிவேப்பிலை தோடை, தேசி இனத்துச் செடி. அதில் ஒட்டியிருக்கும் ஒரு சின்னப் பூச்சி தோடை மரங்களைப் பட்டுப்போகச் செய்யும் நோயைப் பரப்பும். சிசிலித் தீவு தோடையிலும் தேசியிலும் பிழைக்கிற இடம் என்பதை நினைத்தால் அவர்கள் ஏன் பதறுகிறார்கள் என்று விளங்கும்.

கஜு, மிளகாய்த்தூள், கறித்தூள், தேயிலை, பனங்கட்டி பிரச்சினையில்லை. அன்பளிப்பு என்றால் எங்கள் பரிந்துரை மருதமுனைக் கைத்தறிச் சாரமும் சாறியும்தான். பாரம் குறைவு, உடையாது, மணக்காது. விமானத்தில் வருபவர் கொண்டுபோகும் பொருள்களின் மொத்தப் பெறுமதி 430 யூரோவைத் தாண்டாமலும், கையில் உள்ள காசு 10,000 யூரோவை எட்டினால் அறிவித்தும் போக வேண்டும்.

*

கேள்வி: இத்தாலியில் முகவரி பார்த்து வீடு கண்டுபிடிப்பது கஷ்டம் என்கிறார்களே? என்னிடம் ஒரு பழைய கூட்டாளியின் 1990களில் வந்த கடித உறை மட்டும்தான் இருக்கிறது. அவன் இன்னும் அங்கேயா என்றும் தெரியாது.
— வாழைச்சேனை

பதில்: முதலில் ஆள் எங்கே என்பது. இத்தாலியில் ஒவ்வொரு மாநகர சபையிலும் 'அனாக்ராஃபே' என்ற குடிப்பதிவு அலுவலகம் இருக்கிறது. ஒருவரின் பெயரும் பிறந்த திகதியும் தெரிந்தால், யாரும் அவருடைய வதிவிடச் சான்றிதழைக் கேட்டுப் பெறலாம். அதற்கு 16 யூரோ முத்திரை வேண்டும். அங்கே போய்க் கேட்கக்கூடிய ஒருவரைப் பிடித்துக் கொள்ளுங்கள். உறையில் உள்ள ஊரிலேயே தொடங்குங்கள். வேறு ஊருக்கு முறையாகப் பதிவை மாற்றியிருந்தால் எந்த ஊருக்கு என்ற தடயம் பழைய ஊரின் பதிவில் இருக்கும்.

இங்கே ஒரு சிக்கல். ஊரில் அவனை முதலெழுத்தோடு ஒரு பெயரில் அழைத்திருப்பீர்கள். இலங்கைக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் தகப்பனின் பெயர் போயிருந்தால் இத்தாலிக்கு அவன் தகப்பன் பெயர்க்காரன். ஆகவே தகப்பனின் முழுப் பெயரை, இங்கிலீசில் எப்படி எழுதினார்கள் என்பதோடு விசாரித்து வையுங்கள். பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்து இடாப்பில் அது கிடைக்கக்கூடும்.

பலெர்மோவில் தேடுவதானால் இன்னொரு வழியும் உண்டு. அங்குள்ள நம்மவர்கள், சைவர் கத்தோலிக்கர் என்ற பேதமில்லாமல், பெல்லக்ரீனோ மலையில் உள்ள சாந்தா ரொசாலியா குகைக் கோயிலுக்குப் போவார்கள். ஆயித்தியமலை மாதாவிடம் போகிற மாதிரித்தான். ஜூலை 14 இரவு நகரத்தில் பெருவிழா, செப்டெம்பர் 4ஐ ஒட்டி மலையேறும் யாத்திரை. ஞாயிறு காலையில் அந்தக் கோயில் வாசலில் இரண்டு பேரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அலுவலகம் திறக்கும்வரை காத்திருக்கத் தேவைப்படாமலும் போகலாம்.

இனி வீடு. மாடி வீட்டு வாசலில் உள்ள அழைப்பு மணிப் பலகையில் பெரும்பாலும் வீட்டு இலக்கம் இராது, குடும்பப் பெயர்தான் இருக்கும். உங்கள் கூட்டாளியின் பெயரும் இராமல் வீட்டுக்காரரின் பெயரோ, முன்பு குடியிருந்தவரின் பெயரோ இருக்கலாம். 'மணியில் என்ன பெயர் இருக்கு?' என்று முன்கூட்டியே கேளுங்கள். முகவரியில் 'ஸ்காலா' என்றால் எந்தப் படிக்கட்டு, 'இந்தேர்னோ' என்றால் உள்வீட்டு இலக்கம். முதலாம் மாடி என்பது தரைக்கு மேலே உள்ளது, நம்மூரைப் போலவேதான்.

மூன்று நகரங்களில் மட்டும் கூடுதல் கவனம். ஃபிளோரன்சிலும் ஜெனோவாவிலும் ஒரே தெருவில் இரண்டு இலக்க வரிசை ஓடும். கடைகளுக்குச் சிவப்பு, வீடுகளுக்குக் கறுப்பு அல்லது நீலம். 25 என்ற இலக்கத்துக்கு நீங்கள் நிற்பது சிவப்பு 25 என்றால் வீடு ஐம்பது கவடு தள்ளியிருக்கும். எழுதும்போது சிவப்பு இலக்கத்தின் பின் 'ஆர்' எழுத்துப் போடுவார்கள். வெனிசில் தெருவுக்கு இலக்கமே இல்லை, முழுப் பேட்டைக்கும் ஒரே தொடர் இலக்கம், ஆயிரக்கணக்கில் போகும். அங்கே முகவரியைக் கேட்காமல் பக்கத்துப் படகுத் துறையின் பெயரைக் கேட்டு, கூட்டாளியை அங்கே வரச் சொல்லுங்கள்.

*

கேள்வி: ஹலால் எப்படி? / சைவச் சாப்பாடு கிடைக்குமா?
— கல்முனை, காரைதீவு வாசகர்கள்

பதில்: இரண்டு பேருக்கும் பொறி ஒன்றேதான்: கண்ணுக்குத் தெரியாத பன்றிக் கொழுப்பும் இறைச்சிச் சாறும்.

பலெர்மோவின் 'அரன்சீனா' என்ற பொரித்த சோற்றுருண்டையில் 'அல் பூர்ரோ', அதாவது வெண்ணெய் என்று பெயர் கொண்டதுக்குள் பன்றித் தொடை இறைச்சித் துண்டு இருக்கும். பெயரைப் பார்த்துச் சைவமென்று வாங்குகிறவர்கள் பலர். வட இத்தாலியின் 'பியாதீனா' ரொட்டி மாவில் பழைய முறைப்படி பன்றிக் கொழுப்புப் போடுவார்கள். லேபலில் 'ஸ்த்ரூத்தோ' என்ற சொல்லைத் தேடுங்கள். 'ரிசோத்தோ' சோறு மரக்கறியோடு இருந்தாலும் இறைச்சிச் சாற்றில் அவித்ததாக இருக்கலாம். நுணுக்கமாகப் பார்க்கும் சைவர்களுக்கு இன்னொன்று: பார்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறையால்தான் செய்யப்படும். அதைத் தூவாமல் தரச் சொல்ல வேண்டும்.

பயமில்லாமல் கேட்கக்கூடியது பலெர்மோவின் 'பனெல்லே'. கடலை மாவைக் கிண்டி, ஆறவிட்டு, மெல்லியதாக வெட்டிப் பொரிப்பது. நம் வாய்க்கு வேற்றூர்ச் சாப்பாடு போலவே இராது. ஒரே எண்ணெயில் வேறு என்ன பொரிக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். நகரங்களில் ஹலால் இறைச்சிக் கடைகள் உண்டு, கூட்டாளிக்குத் தெரிந்திருக்கும். ரோமில் ஜும்ஆவுக்கு 1995இல் திறக்கப்பட்ட பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. ஃபிளாமீனியோ நிலையத்தில் வடக்கு ரயில் பாதையில் ஏறி, காம்பி ஸ்போர்த்தீவியில் இறங்கினால் கிட்ட.

*

கேள்வி: இத்தாலிக்குப் பிறகு சுவிஸில் ஒரு கூட்டாளி, மறுகா லண்டனில் ஒரு கூட்டாளி. ஒரே விசாவில் ஏலுமா?
— திருக்கோவில்

பதில்: சுவிஸுக்கு ஏலும், லண்டனுக்கு ஏலாது. சுவிஸ் ஷெங்கனுக்குள், பிரித்தானியா வெளியே. லண்டனுக்குத் தனி விசா வேண்டும். அதைவிட முக்கியம், ஒருமுறை நுழைவு விசாவோடு லண்டன் போனால் ஷெங்கனுக்குத் திரும்ப நுழைய முடியாது. திரும்பும் டிக்கட் ரோமிலிருந்து என்றால் அங்கேயே சிக்கல். லண்டனைக் கடைசியில் வைத்து அங்கிருந்து நேரே கொழும்பு திரும்புங்கள், அல்லது பலமுறை நுழைவு கேட்டு விண்ணப்பியுங்கள்.

எந்தத் தூதரகம் என்பது நாள்கணக்கைப் பொறுத்தது. கூடுதல் நாள் நிற்கும் நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சமமென்றால் முதலில் இறங்கும் நாடு. இத்தாலியில் 12, சுவிஸில் 9 என்றால் இத்தாலி. விசா எடுத்தபின் அதைத் தலைகீழாக்கி சுவிஸிலேயே முழுநாளும் நின்றால் அடுத்த முறை கேள்வி வரும். 180 நாளுக்குள் மொத்தம் 90 நாள் என்பதே எல்லா நாடும் சேர்ந்த உச்ச வரம்பு. உங்கள் விசாவில் அதைவிடக் குறைந்த நாள் எழுதியிருந்தால் அதுதான் சட்டம். 2025 ஒக்டோபர் 12 முதல் எல்லையில் விரலடையாளமும் முகப்படமும் கணினியில் பதியத் தொடங்கியிருப்பதால் ஒரு நாள் கூடினாலும் தானாகவே தெரியும்.

முதலில் சுவிஸில் இறங்கிப் பிறகு இத்தாலிக்கு ரயிலில் வருவதானால், வந்து 8 நாளுக்குள் நீங்களே பொலிசில் வருகை அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கூட்டாளி கொடுக்கும் 48 மணித்தியால அறிவிப்பு வேறு, இது வேறு. விடுதியில் தங்கினால் அவர்கள் எழுதும் படிவமே போதும். மிலானோவிலிருந்து சூரிச்சுக்கு நேரடி ரயிலில் மூன்றரை மணித்தியாலம் அளவில். 57 கிலோமீற்றர் கொத்தார்ட் சுரங்கம் அந்த வழியில்தான்.

மறுத்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். ரோமில் உள்ள லாசியோ நிர்வாக நீதிமன்றத்தில் 60 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம், சட்டத்தரணி தேவை. சுற்றிப்பார்க்கப் போகிறவருக்கு அது கட்டுப்படியாகாது. மறுப்புக் கடிதத்தில் குறித்த காரணத்தைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிப்பதே மலிவு.

*

கேள்வி: ரயில் டிக்கட் எடுத்தும் தண்டம் கட்டினார்கள் என்று கேள்விப்பட்டோம். ஏன்?
— சாய்ந்தமருது

பதில்: முத்திரை குத்தாததால். மாகாண ரயில்களின் காகித டிக்கட்டில் நேரம் இல்லை. மேடையில் உள்ள சிறிய இயந்திரத்துக்குள் விட்டுத் திகதி அடித்தால்தான் அது உயிர் பெறும், அதன்பின் 4 மணித்தியாலம் செல்லும். தொலைபேசியில் வாங்கியதென்றால் ஏறுமுன் 'செக்–இன்' அழுத்த வேண்டும். இருக்கை இலக்கம் போட்ட விரைவு ரயில்களுக்கு இது தேவையில்லை. இயந்திரம் பழுதென்றால் பரிசோதகர் வருமுன் நீங்களே அவரைத் தேடிப்போய்ச் சொல்லுங்கள்.

'ஷோப்பெரோ' என்ற சொல்லைக் கண்டால் வேலைநிறுத்தம். அப்படியான நாளிலும் வார நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை உத்தரவாத ரயில்கள் ஓடும். ரோமிலிருந்து பலெர்மோவுக்கு ரயிலிலேயே போகலாம், ஏறத்தாழ 12 மணித்தியாலம். வில்லா சான் ஜொவான்னியில் ரயில் பெட்டிகளைக் கப்பலுக்குள் ஏற்றி மெசினாவுக்குக் கடல் கடத்துவார்கள். பிள்ளைகளோடு போனால் அந்த நேரத்தில் எழுப்பிவிடுங்கள்.

*

கேள்வி: சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊரில் வேலை செய்த ஒரு இத்தாலிய அம்மா தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறா. என்ன கொண்டுபோவது, எப்படி நடப்பது?
— மட்டக்களப்பு நகர்

பதில்: பூக்கொத்து என்றால் செவ்வந்தி வேண்டாம், அங்கே அது கல்லறைக்குரிய பூ. நவம்பர் 2 இறந்தோர் நாளுக்கு அதைத்தான் வாங்குவார்கள். ஞாயிறு மதியமென்றால் பக்கத்து இனிப்புக் கடையில் சிறு பணியாரங்களை ஒரு தட்டில் அடுக்கிக் காகிதம் சுற்றித் தரச் சொல்லி எடுத்துப் போங்கள், அவர்களே அப்படித்தான் போவார்கள். கூடவே ஊரிலிருந்து வறுத்த கஜு ஒரு பொதி.

மதியச் சாப்பாடு ஒரு மணியளவில், இரவு எட்டுக்கு மேல். ஐந்து பத்து நிமிடம் பிந்தலாம், முந்தக் கூடாது. வாசலைத் தாண்டும்போது 'பெர்மெஸ்ஸோ' என்று ஒரு சொல் சொல்வது மரியாதை. சாப்பாடு கட்டம் கட்டமாக வரும். முதல் வரும் பாஸ்தாவே முழுச் சாப்பாடு என்று நினைத்து இரண்டாம் முறை வாங்கினால் பின்னால் வருவதற்கு வயிற்றில் இடமிராது. நீங்கள் சாப்பிடாத இறைச்சியை அன்றைக்கல்ல, இரண்டு நாள் முன்பே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பால் கோப்பி கேட்டால் தருவா, ஆனால் சிரிப்பா. அங்கே அது காலைக்குரியது. கடையில் சாப்பிட்டுவிட்டு 'அல்லா ரோமானா' என்றால் மொத்தத்தைத் தலைக்குச் சமமாகப் பிரிப்பது.

*

கேள்வி: வேறு சின்ன விஷயங்கள்? செருகி, நேர வித்தியாசம்?
— ஏறாவூர்

பதில்: கோடையில் நாம் இத்தாலியை விட மூன்றரை மணித்தியாலம் முன்னே, குளிர்காலத்தில் நாலரை. மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும் நாட்கள். அந்த ஞாயிறில் விமானமிருந்தால் கூட்டாளியை ஒரு மணித்தியாலம் நிலையத்தில் காக்க வைத்துவிடாதீர்கள். மின்சாரம் 230 வோல்ட், நம்முடையதுதான். செருகி மட்டும் மெல்லிய உருண்டைக் கம்பிகள், மாற்றி ஒன்று வாங்கிப் போங்கள்.

அங்கே பெரும்பாலான வீடுகளுக்கு 3 கிலோவாட் மின்சாரம்தான் ஒப்பந்தம். நீங்கள் சாறிக்கு அயன் போடுகிற நேரம் அவர்கள் மின் அடுப்பையும் உடுப்பு மெசினையும் போட்டால் முழு வீடும் இருண்டுவிடும். மீற்றர் கீழே பொதுவாசலில் இருக்கலாம், ஒருவர் நாலு மாடி இறங்கிப் போய்த் தட்டிவிட்டு வர வேண்டும். அயன் போடுமுன் ஒருமுறை சத்தம் போட்டுக் கேளுங்கள்.